திண்டிவனம் தாண்டி நின்ற கார்

மே 4, திங்கள்

என் அப்பாவின் மூக்கைப் பெட்ரோல் பங்க் முதலாளி தின்றுவிட்டார்.

வந்தவாசியில் ஒரே பங்கில் இத்தனை வருஷம் நின்று வண்டிகளுக்குப் பெட்ரோல் போட்ட அப்பாவுக்கு இன்று எந்த வாசனையும் தெரியாது. அடுப்பில் பால் பொங்கிக் கருகினால் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து சொல்ல வேண்டும். கேஸ் கசிந்தாலும் அப்படித்தான். அதற்கு ஈடாக முதலாளி தீபாவளிக்குத் தீபாவளி ஒரு ஸ்வீட் பாக்ஸ் கொடுக்கிறார்.

அதனால்தான் இந்த வேலைக்கு வந்தேன். இன்டர்வியூவில் ‘ஏன் பேட்டரிக் கார்?’ என்று கேட்டார்கள். ‘எங்கப்பா வேலை பாக்குற பங்க்கை மூடணும் சார்’ என்றேன். சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

நாள் முழுக்கத் திரையைப் பார்த்துவிட்டு அறைக்கு வந்தால் பேசுவதற்கு ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

பூந்தமல்லி பைபாஸை ஒட்டி ஒரு பெரிய தகர ஷெட். கீழே டாக்ஸிகள் வரிசையாக நின்று சார்ஜ் ஏற்றிக்கொள்கின்றன. எல்லாம் பேட்டரிக் கார்கள், எல்லாம் கம்பெனியுடையவை. ஓட்டுகிறவர்கள் மட்டும் கம்பெனி ஆட்கள் இல்லையாம், ‘பார்ட்னர்’களாம். பார்ட்னர்கள் தரையில் அட்டை விரித்துப் படுத்திருக்கிறார்கள். மாடியில் கண்ணாடி போட்ட ஏசி அறையில் நாங்கள் இருக்கிறோம். என் திரையில் ஒவ்வொரு காரும் ஒரு பச்சைப் புள்ளி. புள்ளியைத் தொட்டால் பேட்டரி எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு வேகம், ஏசி ஓடுகிறதா, பெல்ட் போட்டிருக்கிறாரா, எல்லாம் தெரியும். கம்பெனி எல்லையான செங்கல்பட்டைத் தாண்டினால் புள்ளி சிவப்பாகும். அப்போது ‘பூட்டு’ என்று ஒரு பொத்தான் வரும். ஓடுகிற காரை அது நிறுத்தாது. ஆனால் கார் எங்கேயாவது ஒருமுறை நின்றுவிட்டால் பிறகு கிளம்பாது. திருட்டுக்காகத்தான் இந்த ஏற்பாடு என்று மேனேஜர் கிருபாகர் சொன்னார். நான் அதை இதுவரை தொட்டதில்லை.

அக்னி நட்சத்திரம் இன்று ஆரம்பம். அறையில் எனக்குக் குளிர்கிறது.

மே 6, புதன்

புது உத்தரவு. சவாரி இல்லாத நேரத்தில் டிரைவர்கள் ஏசி போடக் கூடாது, சார்ஜ் வீணாகிறது. யார் போடுகிறார்கள் என்று பார்த்து எச்சரிக்கை அனுப்புவது என் வேலை. இன்று நாற்பது பேருக்காவது அனுப்பியிருப்பேன். அனுப்பும்போது ஸ்வெட்டர் போட்டிருந்தேன்.

சாயங்காலம் டீ குடிக்கக் கீழே இறங்கினேன். வேடியப்பன் கார் பேனட்டின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றார். செங்கம் பக்கத்து ஆள். இங்கே டிரைவராக வருவதற்கு முன்பு இருபது வருஷம் டீசல் வேன் ஓட்டியவர். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

“இன்னா தம்பி, எனக்கும் ஓல அனுப்பிட்டீங்களே. அஞ்சு நிமிசம் ஏசி போட்டது ஒரு குத்தமா?”

“நான் என்ன அண்ணே பண்றது, மேல சொல்றாங்க.”

“அந்தக் காலத்துல வேன் மக்கர் பண்ணா எறங்கி ரெண்டு உதை உடுவேன். மனசாச்சும் ஆறும். இத உதைச்சா அதுக்கும் உங்களுக்கு மெசேஜ் வருமில்ல?”

வரும். அதிர்வு உணரி இருக்கிறது. நான் சொல்லவில்லை. டீக்கு என்னைக் காசு எடுக்க அவர் விடவில்லை.

அவருக்குப் போன எச்சரிக்கையை மட்டும் பிறகு அழித்துவிட்டேன். அவருக்குத் தெரியாது. நான் நல்லவன் என்று எழுதிக்கொள்ள ஒரு விஷயமாவது வேண்டுமே.

மே 8, வெள்ளி

சார்ஜருக்கு ஒரே கூட்டம். இரண்டு மெஷின் சூட்டில் நின்றுவிட்டது. டிரைவர்கள் சவாரியை விட்டுவிட்டு வெயிலில் காத்திருந்தார்கள். காத்திருக்கிற நேரத்துக்குக் கூலி கிடையாது. இதைக் கம்பெனி விளம்பரத்தில் போடுவதில்லை. விளம்பரத்தில் ஒரு குழந்தை மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அன்வர் பாய்தான் டிரைவர்களில் வாய் உள்ளவர். என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தார்.

“ஏம்பா இன்ஜினியரு, இந்த டப்பா வண்டிங்க வந்து பெட்ரோல் வண்டிய ஒழிச்சிடும்னு நீ நெசமாவே நம்பறியா?”

“ஒழிச்சிடும் பாய். பத்து வருஷம்.”

“பொகய இங்க உடாம, கரண்டு எடுக்கற எண்ணூர்ல உடறீங்க. அவ்ளோதான விசயம்? எண்ணூர்ல இருக்கறவன் மனுசன் இல்லியா?”

“காத்தாலையிலிருந்தும் வருது பாய். சூரியன்லேர்ந்தும் வருது. நிலக்கரிய நாளைக்கு மாத்தலாம். பெட்ரோல் வண்டி சாகுற வரைக்கும் பெட்ரோல்தான் குடிக்கும்.”

“பேச்சு நல்லாத்தான் கீது. மொதல்ல இந்த மெஷின மாத்து. ஒண்ணுக்குப் போறதுக்குக்கூட டோக்கன் வாங்கினு நிக்கறோம்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனாலும் நான் சொன்னது சரிதான். ஸ்கூல் வாசலில் நிற்கிற பிள்ளைகளின் மூக்குக்கு நேராகப் புகை விடாத வண்டி எந்த வகையிலும் நல்ல வண்டி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சார்ஜர் கூடும். பேட்டரி மலிவாகும். எரிச்சல் வேறு எங்கிருந்தோ வருகிறது, அது இன்னும் பிடிபடவில்லை.

மே 10, ஞாயிறு

தண்ணீர் கேன் வரவில்லை. மெஸ்ஸில் கூட்டு ஊசிப்போயிருந்தது. அப்பா போன் செய்தார்.

“என்னடா பரிதி, எங்க பங்க்க மூடிட்டியா?”

“இன்னும் கொஞ்ச நாள்ப்பா.”

“சீக்கிரம் மூடுடா. கால் வலிக்குது.”

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இதையேதான் பேசுகிறோம். அம்மா போன பிறகு எங்களுக்கு வேறு பேச்சு வரவில்லை.

மே 12, செவ்வாய்

வேடியப்பன் இன்று மாடிப்படியில் என்னை நிறுத்தினார். மாடிக்கு டிரைவர்கள் வரக் கூடாது என்பதால் பாதிப் படியில் நின்றுகொண்டு பேசினார். அவருடைய ஒரே தங்கை அஞ்சலை. செஞ்சிக்குப் பக்கத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறது. சிறுநீரகம் கெட்டுப்போய் ஆஸ்பத்திரியில் கைவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம்.

“எங்கம்மா எங்கூடத்தான் தம்பி இருக்குது. முட்டி தேஞ்சி போச்சி. பஸ்ல ஏத்த முடியாது. நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா இந்த வண்டியிலியே இட்டுனு போயிடலாமா?”

எல்லை தாண்டிப் போக அனுமதி வேண்டுமென்றால் இரண்டு நாள் முன்பே ஆப்பில் எழுதிக் கேட்க வேண்டும் என்றேன்.

“சாவுக்கு ரெண்டு நாள் முன்னாடி எப்பிடித் தம்பி எழுதிக் குடுக்கறது? அவளக் கேட்டா எழுதறது?”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கண் கலங்கியிருந்தது.

நான் ஏதோ சொன்னேன். அவர் இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார். என் அப்பா வயதுக்காரர் என்னைக் கும்பிடுவது எனக்குப் பிடிக்கவில்லை.

மே 14, வியாழன்

இரண்டு சட்டை துவைத்தேன். கொடியில் போட்டவுடனே காய்ந்துவிட்டது. வேறு ஒன்றும் இல்லை.

மே 15, வெள்ளி

நேற்று ஒரு கார் எல்லை தாண்டிப் போயிருந்தது. திண்டிவனம் தாண்டி, செஞ்சி ரோட்டில் நின்றபோது பூட்டப்பட்டது. இன்று காலை அதை இழுத்துக்கொண்டு வந்தார்கள். அனுமதி வாங்கவில்லை, விதிப்படி நடந்தது. வேடியப்பனின் கணக்கை முடக்கியிருக்கிறார்கள்.

காரில் சேதம் ஏதும் இருக்கிறதா என்று பார்த்து எழுத என்னைத்தான் அனுப்பினார்கள். சேதம் இல்லை. பின்சீட்டில் சம்பங்கி உதிர்ந்து கிடந்தது. சூட்டில் பழுப்பாகி சீட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சீட்டுக்கு அடியில் ஒரு ரப்பர் செருப்பு, நீல வார், வயதானவர்கள் போடுவது. ஒன்றுதான் இருந்தது. இன்னொன்றைத் தேடினேன், இல்லை.

‘சேதம் ஏதுமில்லை’ என்று எழுதினேன். செருப்பை என் மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன். காரைக் கழுவிச் சார்ஜ் போட்டு மத்தியானமே வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டார்கள்.

பக்கத்து சீட் டயானா இன்று என்னோடு சாப்பிட வரவில்லை. தினமும் அவள் டப்பாவில் பாதி எனக்கு வரும். தலைவலி என்றாள். பிறகு பார்த்தால் கீழே டிரைவர்களோடு நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

கிருபாகர் எல்லோருக்கும் மெயில் அனுப்பியிருக்கிறார். உடனடி நடவடிக்கையால் கம்பெனி சொத்து காக்கப்பட்டதாம். என் பெயர் இருக்கிறது.

மே 16, சனி

டீக்கடையில் அன்வர் பாய் எல்லோருக்கும் கேட்கும்படிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கண்ணாடி ஜாடிகளுக்குப் பின்னால் நின்றேன். போகவும் முடியவில்லை.

வியாழன் விடியற்காலை அஞ்சலை இறந்துவிட்டார். செய்தி வந்ததும் வேடியப்பன் பூந்தமல்லியில் துணிக்கடை திறக்கிற வரைக்கும் ஷட்டருக்கு முன்னால் நின்றிருக்கிறார். பிறந்த வீட்டுக் கோடி எடுக்க வேண்டுமே. கல்யாணமான பெண் செத்தால் அவள் மேல் கடைசியாகப் போர்த்துகிற புடவை அண்ணன் தம்பி கொண்டு வருவதாக இருக்க வேண்டும். அது வருகிற வரை பிணத்தை எடுக்க மாட்டார்கள். புடவையை எடுத்துக்கொண்டு, அம்மாவையும் மனைவியையும் ஏற்றிக்கொண்டு கிளம்பியிருக்கிறார். திண்டிவனம் தாண்டி மாலை வாங்க ஒரு பூக்கடையில் நிறுத்தினார். மாலையோடு வந்து உட்கார்ந்தால் கார் கிளம்பவில்லை. கண்ணாடிகூட இறங்கவில்லை.

“கெழவிய எறக்கிப் புளியமரத்தடியில ஒக்கார வெச்சிட்டு இவன் ரோட்டு மேல நின்னு கையக் கையக் காட்டறான். பொடவையும் மாலையும் வெச்சிக்கினு நிக்கறவனுக்கு எவன் நிறுத்துவான்? சாவு வண்டின்னு பறக்கறான். ஆபீஸுக்குப் போன் அடிக்கறான், அடிக்கறான், ஒருத்தனும் எடுக்கல.”

ஊரில் மாப்பிள்ளை வீட்டார் எவ்வளவோ நேரம் பார்த்திருக்கிறார்கள். பொழுது சாய்வதற்குள் எடுக்க வேண்டும். பங்காளிகள் முணுமுணுத்தார்கள். கடைசியில் நாத்தனார் செஞ்சிக்கு ஆள் அனுப்பி ஒரு புடவை வாங்கி வரச் சொல்லிப் போர்த்தி எடுத்துவிட்டார்கள். ஒரு செங்கல் லாரியில் ஏறி இவர்கள் போய்ச் சேர்ந்தபோது வீட்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்களாம்.

“அந்த ஈரத் தரையப் பாத்துட்டுக் கெழவி வாசல்லயே ஒக்காந்துடுச்சாம். பெத்த பொண்ணு மொகத்தப் பாக்கல. மாப்ள வூட்டுக்காரன் இன்னா சொன்னான் தெரியுமா? ‘அண்ணன்காரனுக்குக் கார் கீது, தங்கச்சிக்கு ஒரு பொடவை இல்ல’ன்னு சொன்னானாம். எங்க ஆளுங்கள்ல இந்தப் பழக்கம் கெடையாது. ஆனா கேக்கறப்ப எனக்கே வயிறு எரியுது.”

எனக்கு இந்தப் பழக்கம் தெரியும். அம்மா செத்த அன்று போளூரிலிருந்து மாமா வரத் தாமதமானது. அப்பா யாரையும் அம்மாவைத் தொட விடவில்லை. மாமா கொண்டு வந்த புடவை அரக்கு நிறம். அதைப் போர்த்திய பிறகுதான் அப்பா வாய்விட்டு அழுதார்.

டீ ஆறிவிட்டது. குடிக்கவில்லை.

மே 17, ஞாயிறு

அப்பா போன் செய்தார். பங்கை மூடிவிட்டாயா என்று கேட்டார். ‘சாப்பிட்டியாப்பா’ என்று நான் பேச்சை மாற்றியதும் “ஒடம்பு சரியில்லையாடா?” என்றார்.

“ஒண்ணுமில்லப்பா. ஒரு சந்தேகம். வண்டிக்குப் பெட்ரோல் போடறப்ப எங்க போறீங்கன்னு கேப்பியா?”

“எதுக்குக் கேக்கணும்? கல்யாணத்துக்குப் போறானோ, கஞ்சா கடத்தப் போறானோ. டேங்க் மூடியப் போட்டுட்டா அவன் பாடு. ஏன், ஒங்க வண்டில கேப்பாங்களா?”

“இல்லப்பா, சும்மா கேட்டேன்.”

“போன வாரம் ஒருத்தன் அவசரத்துல காசு குடுக்காமயே போயிட்டான்டா. ஓனர் எங்கிட்டப் புடிச்சிக்கிட்டான்” என்று சொல்லிச் சிரித்தார்.

போனை வைத்த பிறகு அறையைப் பெருக்கினேன். கட்டிலுக்கு அடியில்கூட.

மே 18, திங்கள்

கிருபாகர் டிரைவர்களைக் கீழே கூட்டிப் பேசினார். நாங்களும் படியில் நின்றோம்.

“வேடியப்பன் விஷயத்துல எங்களுக்கும் வருத்தம்தான். ஆனா இது யாரும் வேணும்னு பண்ணது இல்ல. எல்லை தாண்டினா சிஸ்டம் ஆட்டோமேட்டிக்கா பூட்டிடும். சிஸ்டத்துக்குச் சாவு, கல்யாணம் எல்லாம் தெரியாது பாருங்க.”

பொய். பச்சைப் பொய். அப்படித் தானாகப் பூட்டுகிற ஏற்பாடு எதுவும் இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரு ஆள் உட்கார்ந்து அமுக்க வேண்டும். இந்த ஆட்கள் இப்படித்தான். செய்வதையெல்லாம் செய்துவிட்டுப் பழியை ஒரு மெஷின் மேல் போடுவார்கள். மெஷினுக்கு வாய் கிடையாது, குடும்பம் கிடையாது, வெட்கம் கிடையாது. ஏழை செய்தால் திருட்டு, கம்பெனி செய்தால் சிஸ்டம்.

எனக்கு ரத்தம் கொதித்தது. படியிலேயே நின்றுகொண்டிருந்தேன். டயானா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் சார்ஜரைப் பார்த்தேன்.

கூட்டம் முடிந்ததும் கிருபாகர் கூப்பிட்டுத் தோளில் தட்டினார். இனிமேல் பகல் ஷிப்டுக்கு நான்தான் பொறுப்பு. என் மேஜை சன்னல் ஓரத்துக்குப் போகும். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். “தேங்க்ஸ் சார்” என்று வந்தது. புது நாற்காலி நன்றாகச் சுழல்கிறது.

மே 19, செவ்வாய்

டயானா இன்று நேராகவே கேட்டாள்.

“நீ சொல்லப் போறியா, இல்ல நான் சொல்லணுமா?”

“என்னத்த?”

“அய்ய. எங்கிட்டயேவா? நான் பக்கத்துலதான்டா ஒக்காந்திருந்தேன்.”

எழுதித்தான் ஆக வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை படியில் வைத்து நான் ‘ஏதோ’ சொல்லவில்லை. “போயிட்டு வாங்கண்ணே, எல்லாம் நான் பாத்துக்கறேன்” என்றேன். அதற்காகத்தான் கும்பிட்டார். அந்த நிமிஷம் நான் பெரிய ஆளாக உணர்ந்தேன். கம்பெனிக்கு எதிராக ஒரு காரியம் செய்கிறேன் என்று நெஞ்சு நிமிர்ந்தது.

வியாழக்கிழமை செங்கல்பட்டு தாண்டியதும் புள்ளி சிவப்பானது. நான் திரையைக் குறுக்கி வேறு எதையோ பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தேன். மேல்மருவத்தூர் போனது. திண்டிவனம் போனது. இன்னும் கொஞ்ச தூரம்தான். அப்போது கிருபாகர் பின்னால் வந்து நின்றார்.

“இது என்ன சிவப்பு? யார் பர்மிஷன் குடுத்தது?”

‘நான்’ என்றால் போதும். ஒரே சொல். அதிகம் போனால் கத்துவார், அதிகம் போனால் வேலை போகும். எனக்கு இருபத்துநான்கு வயது, குழந்தை குட்டி இல்லை. என்னால் தாங்க முடிந்த இழப்புதான் அது.

“தெரியல சார்” என்றேன்.

“லாக் பண்ணு.”

“ஓடிட்டு இருக்கு சார், நின்னாத்தான்…”

“நிக்கட்டும், நான் நிக்கிறேன்.”

காபிக் கோப்பையோடு என் பின்னாலேயே நின்றார். நில்லாதே நில்லாதே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். புள்ளி மெதுவானது. நின்றது. ‘நிச்சயமாகப் பூட்டலாமா?’ என்று திரை கேட்டது. ஆமாம் என்று அமுக்கினேன். கார் அணைக்கப்படவில்லை, மறுபடி உறுதி செய்யவும் என்றது. மறுபடியும் அமுக்கினேன். திரைகூட இரண்டு முறை கேட்டது.

கொஞ்ச நேரத்தில் பாக்கெட்டில் போன் அதிர ஆரம்பித்தது. யார் என்று எடுத்துப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரியும். ஆபீஸ் நம்பரை யாரும் எடுக்கவில்லை என்று அன்வர் பாய் சொன்னார் அல்லவா, அவர் அடித்தது ஆபீஸ் நம்பருக்கு இல்லை.

போனைத் தொடையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அது அதிர்ந்துகொண்டேயிருந்தது. டயானா பார்த்தாள்.

மே 20, புதன்

காலையில் வந்து பார்த்தால் ஷெட்டில் ஒரு கார்கூடச் சார்ஜில் இல்லை. எல்லாக் கார்களையும் கொண்டுவந்து குறுக்கும் நெடுக்குமாக நிறுத்தியிருந்தார்கள். சார்ஜர் கேபிள்களைக் கழற்றித் தரையில் வரிசையாகப் படுக்க வைத்திருந்தார்கள். டிரைவர்கள் அவற்றுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்கள். என் திரையில் எல்லாப் புள்ளியும் ஒரே இடத்தில் ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிந்து ஒரே புள்ளிபோல இருந்தது. பேட்டரி அளவு மட்டும் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

கிருபாகர் இறங்கிப் போனார். “பழையபடி பெட்ரோல் வண்டி வேணும்னா போங்க, யாரும் கட்டாயப்படுத்தலையே?” என்றார்.

அன்வர் பாய் எழுந்தார். “பெட்ரோல் வண்டிய எவன் கேட்டான்? வண்டி நல்ல வண்டி சார். சத்தம் இல்ல, பொக இல்ல, முதுகு வலி இல்ல. நாளைக்கு ஊர் பூரா இதான் ஓடப் போவுது, ஓடட்டும். ஆனா நான் ஸ்டியரிங்கப் புடிச்சிக்கினு இருக்கறப்ப மேல ஒருத்தன் சாவியப் புடிச்சிக்கினு ஒக்காந்திருக்கான் பாரு, அது வேணாம். அந்தப் பொத்தான எடு. அப்பறம், அன்னிக்கி அமுக்கினவன் எவன்னு சொல்லு.”

“அதான் சொன்னேனே, சிஸ்டம்…”

“சிஸ்டத்துக்கு வெரல் கெடையாது சார்.”

யாரோ மேலே பார்த்தார்கள். பிறகு எல்லோரும் பார்த்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் நாங்கள் ஆறு பேர் நின்றோம். நான் சன்னலை விட்டு நகர்ந்தேன். என் புது நாற்காலி சன்னல் ஓரத்தில்தான் இருக்கிறது. அதனால் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

பெட்ரோல் காரின் இடத்தைப் பேட்டரிக் கார் பிடிக்குமா என்று யாராவது இனி என்னிடம் கேட்டால் பிடிக்கும் என்றுதான் சொல்வேன். பங்க் முதலாளியின் இடத்தை யார் பிடிப்பார்கள் என்று கேட்டால் சொல்ல மாட்டேன். அவர் மூக்கைத் தின்றார். நான் இரண்டு முறை அமுக்கினேன்.

மே 21, வியாழன்

இன்று டயானா அறையின் மறு ஓரத்துக்கு இடம் மாற்றிக்கொண்டு போய்விட்டாள். அவளுடைய டப்பா வைக்கிற இடம் காலியாக இருக்கிறது. அவள் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. எனக்காக அல்ல, நானே சொல்ல வேண்டும் என்பதற்காக.

மத்தியானம் வேடியப்பன் வந்தார். முகத்தில் ஒரு வாரத் தாடி. கீழே உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வழி விட்டார்கள். இன்று அவர் பாதிப் படியில் நிற்கவில்லை. மேலே வந்து கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். கிருபாகர் மீட்டிங் என்று தலைமை ஆபீசுக்குப் போயிருந்தார். யாரும் தடுக்கவில்லை.

நேராக என்னிடம் வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவர் முகம் இளகியது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“சண்ட போட வரல தம்பி. அம்மாவோட செருப்பு ஒண்ணு வண்டியில உட்டுடுச்சி. காலெல்லாம் கொப்புளம் கண்டு கெடக்குது. கீழ கேட்டா யாருக்கும் தெரியலங்கறாங்க.”

டிராயரைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். செருப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நீங்க எடுத்து வெச்சிருந்தீங்களா?” என்றார். “எனக்குத் தெரியும் தம்பி. நீங்க அன்னிக்கி சீட்ல இருந்திருக்க மாட்டீங்க. இருந்திருந்தா உட்டிருக்க மாட்டீங்க. நான் ஒங்களுக்கு எத்தினி தடவ போன் போட்டேன். ஏதோ வேலையா இருந்திருப்பீங்க.”

டயானா தூரத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உக்காருங்கண்ணே” என்றேன். அவர் உட்காரவில்லை.

“அந்தப் பொடவ வூட்லதான் இருக்குது. எங்கம்மா அத்த எடுக்கறதும் பிரிக்கறதும் மடிக்கறதுமா கீது. கடையில திருப்பிக் குடுத்துடலாம்னு என் வூட்டுக்காரி சொல்றா. கோடின்னு எடுத்தத எப்பிடித் திருப்பித் தரது? வேற யாருக்குக் கட்டக் குடுக்கறது? நீங்களே சொல்லுங்க.”

ஏசி ஓடுகிற சத்தம் கேட்டது. அவர் செருப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என் மேஜையின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார். என் திரை திறந்தே இருந்தது. பார்த்தார்.

“இதுலதான் அமுக்குவாங்களா?”

“ஆமாண்ணே.”

“எனக்கு ஒண்ணும் வேணாம் தம்பி. வேல வேணாம், வண்டி வேணாம். அவங்கள அடிக்கப் போறதும் இல்ல. எங்கம்மா தெனம் கேக்குது, எவன்டா நிறுத்தினான்னு. மெஷின்னு சொன்னா அதுக்குப் புரியல. ஒரு பேரு வேணும் அதுக்கு. திட்டறதுக்காச்சும் ஒரு பேரு. நீங்க இங்கயே இருக்கறவரு. ஒங்களுக்குத் தெரியாம இருக்காது.”

நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய விரல்கள் தெரிந்தன. பக்கத்தில் என் விரல்கள். நான் என் விரல்களை மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டேன், அவர் அதைப் பார்த்தார். பிறகு டயானா இருந்த பக்கம் திரும்பினார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். திரும்பி மறுபடி என்னைப் பார்த்தார். இந்த முறை வேறு மாதிரிப் பார்த்தார்.

ஊன்றியிருந்த கைகளை மேஜையிலிருந்து எடுத்தார்.

“யாரு அமுக்கினது? பேரச் சொல்லு.”